சவரத் தூரிகை ரோமம்

முகச்சவரத்துக்கு முன் சோப்பை நீரில் குழைத்து நுரையெழுப்பிக் கன்னத்திலும் மோவாயிலும் பூசுவதற்கென்று ஏற்பட்ட சிறு பிரஷ்ஷில் கொத்தாகச் செருகப்பெறும் பிராணி மயிர் சவரத் தூரிகை ரோமம் எனப்படும். வளைக்கரடி, பன்றி, குதிரை ஆகிய மூன்றுமே இதற்குப் பிரதானமாக ரோமம் அளித்து வந்திருக்கின்றன. தூரிகையின் தரமும் விலையும் மட்டுமன்றி, ஒரு காலத்தில் அதை உபயோகித்தவரின் உயிரும்கூட, அம்மயிர் எந்தப் பிராணியின் உடம்பிலிருந்து, எந்தத் தேசத்திலிருந்து, யார் கைவழியாக வந்தது என்பதைப் பொறுத்தே இருந்தது. ஆயினும் அந்த விவரம் வாங்குவோருக்கு மிக அரிதாகவே சொல்லப்பட்டது.

இம்மூன்றில் மிக உயர்வாக மதிக்கப்படுவது, ஆங்கிலேயர் பாட்ஜர் என்றழைக்கும் வளைக்கரடியின் ரோமம். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் சவரத் தூரிகை வழக்கத்துக்கு வந்த காலந்தொட்டே இதற்குத் தனி மதிப்பு இருந்து வருகிறது. ஒற்றை ரோமத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அடி வெளிறியும், இடையே ஒரு கரும்பட்டை ஓடியும், நுனி மீண்டும் வெண்மையாகியும் இருப்பதையும், இடையில் சற்றே பருத்த அந்த மயிர் நுனியை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்து மிருதுவாவதையும் காணலாம். நீரைத் தாராளமாகத் தாங்கி நிற்பதும், முகத்தில் உறுத்தாமல் தடவுவதும் இந்த அமைப்பின் பயன்கள். ஆகையால் கைதேர்ந்த தொழிலாளர் இதன் நுனியில் ஒருபோதும் கத்தரி வைப்பதில்லை. ரோமங்களை நுனி கீழாக ஒரு சிறு கிண்ண அச்சில் இட்டு, மெல்லத் தட்டித் தட்டிக் குமிழ் வடிவம் வரச்செய்து, அடிப்புறத்தை நூலால் கட்டிப் பசையிட்டு இறுக்கியபின், மிகுந்து நிற்கும் நீளத்தை அடியிலேயே கத்தரித்துவிடுவர். வணிகத்தில் 'ப்யூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்' என்று தரப்பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுக்குச் சர்வதேச நிர்ணயம் ஏதும் இல்லாமையால், ஓர் உற்பத்தியாளர் இடும் பெயரை மற்றோர் உற்பத்தியாளரின் பெயரோடு ஒப்பிடுவது பயனற்றது.

முற்காலத்தில் இந்த ரோமம் ஐரோப்பாவிலேயே வேட்டையாடப்பட்ட வளைக்கரடிகளிடமிருந்து கிடைத்தது. பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பிராணிக்குப் பாதுகாப்பு அளித்தன. பிரிட்டிஷ் தூரிகைகள் தம் புகழை இழக்கவில்லை. அவற்றுக்கான ரோமம் மட்டும் வேற்றுத் தேசத்திலிருந்து வரலாயிற்று. இன்று உலகச் சந்தைக்கு வரும் வளைக்கரடி ரோமத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகிறது.

பன்றி மயிரின் கதை வேறு. இறைச்சிக்காக வளர்க்கப்படும் பிராணியின் முதுகுத்தண்டை ஒட்டி வளரும் நீண்ட, விறைப்பான மயிரே இதற்கு ஏற்றது. புதிய பன்றிமயிர்த் தூரிகை கரடுமுரடாக இருக்கும். பல நாட்கள் நீரில் ஊறி ஊறிப் பழகப் பழக மயிரின் நுனி இரண்டு மூன்றாகப் பிளந்து மிருதுத்தன்மை பெறும். ருஷ்யாவும் சீனாவும் இதற்குப் பெயர்பெற்ற தேசங்கள். இந்தியாவில் கான்பூர் இவ்வணிகத்தின் கேந்திரங்களுள் ஒன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் சீனத் துறைமுகங்களைக் கைப்பற்றியபோது, கப்பல்களுக்கு வர்ணம் பூசும் பிரஷ்களுக்கும் இம்மயிர் இன்றியமையாததாக இருந்தமையால், இமயமலைக்கு மேலே பறந்து சீனாவுக்குப் போர்த்தளவாடம் கொண்டு சென்ற விமானங்கள், அஸ்ஸாமுக்குத் திரும்பும்போது டங்ஸ்டன் தாதுவுடன் பன்றிமயிர்ப் பொதிகளையும் ஏற்றி வந்தன. பன்றியைத் தீண்டத்தகாததாகக் கருதும் இஸ்லாமியருக்கு, தாம் முகத்தில் வைக்கும் தூரிகை எம்மயிரால் ஆனது என்பது சமய சம்பந்தமான கேள்வியுமாகும்.

குதிரை மயிரைப் பெறப் பிராணியைக் கொல்ல வேண்டியதில்லை. பிடரியிலும் வாலிலும் கத்தரித்து எடுத்துக்கொள்ளலாம். இத்தனை சாதுவான ஒரு பொருளே இத்தொழிலின் சரித்திரத்தில் மிகக் கொடிய அத்தியாயத்துக்குக் காரணமாயிற்று.

முதல் உலக யுத்தத்துக்கு முன்னர் ருஷ்யாவின் வளைக்கரடி ரோமம் ஜெர்மனியில் பதப்படுத்தப்பட்டுப் பிற தேசங்களுக்குச் சென்றது. யுத்தம் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. அதே சமயத்தில் தேவையோ பன்மடங்கு பெருகியது. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைப் பிரயோகித்த பின்னர், சுவாச முகமூடி முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துவதற்காகச் சிப்பாய்கள் ஒழுங்காகச் சவரம் செய்துகொள்ள வேண்டியவராயினர். இப்பற்றாக்குறையில் சில உற்பத்தியாளர்கள், வெளிறிய குதிரை மயிருக்குச் சாயமேற்றி வளைக்கரடி ரோமத்தின் கரும்பட்டையைப் போலவே தோன்றச் செய்து விற்றனர். கீழை நாடுகளிலிருந்து வந்த அந்த மயிரிற் பெரும்பகுதி முறைப்படி கிருமிநீக்கம் செய்யப்படாதது.

அதில் ஒளிந்து வந்தது, நம் விவசாயிகள் ஆடுமாடுகளிடத்தே கண்டு அஞ்சும் அடைப்பான் நோய். இந்நோயின் கிருமி, உலர்ந்த நிலையில் கடினமான வித்தாக மாறிப் பல்லாண்டுகள் உயிர்த்திருக்க வல்லது என்பதை ராபர்ட் காக் 1876-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். சவரக் கத்தியால் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல் அதற்குப் போதுமான வாயில். முதலில் அரிப்புடன் ஒரு சிறு கொப்புளம். பிறகு நடுவே வலியற்ற கரும்பொருக்கு. சுற்றிலும் கழுத்துவரை வீக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிப்பாய்களும் பொதுமக்களுமாக 200-க்கு மேற்பட்டோர் இவ்வாறு பீடிக்கப்பட்டனர். பென்சிலின் இல்லாத அந்நாளில் அவர்களிற் பலர் இறந்தனர். பகைவனின் நச்சுவாயுவிலிருந்து தப்புவதற்காகச் செய்துகொண்ட சவரத்தாலேயே ஒரு சிப்பாய் மாண்டான் என்பதும், அவனுக்கு மரணத்தைக் கொண்டுவந்த தூரிகை பொய்ப்பெயரோடு விற்கப்பட்டது என்பதும் எளிதில் மன்னிக்கக்கூடியவை அல்ல. பிரிட்டன் 1919-ஆம் ஆண்டில் அடைப்பான் தடுப்புச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியையும் தடை செய்தது. கொதிநீரில் சிறிது நேரம் முக்குவதை நம்பலாகாது, வெதுவெதுப்பான பார்மலின் கரைசலில் பல மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் அறிவுறுத்தினர்.

1938-ஆம் ஆண்டில் நைலான் இழை பல்துலக்கும் பிரஷ்ஷில் இடம்பெற்று, விரைவில் சவரத் தூரிகைக்கும் வந்தது. ஆதியில் அது நீரைத் தாங்காமல் சறுக்கவிட்டது. பின்னர் நுனி மெலிந்த பாலியெஸ்டர் வகை இழைகள் வளைக்கரடி ரோமத்துக்கு மிக அருகில் வந்துவிட்டன. 2018-ஆம் ஆண்டில் பீட்டா அமைப்பின் ஆசியக் கிளை, சீனாவில் சிறு கூண்டுகளில் அடைபட்டு அடித்துக் கொல்லப்படும் வளைக்கரடிகளின் காட்சிப் பதிவுகளை வெளியிட்டதையடுத்து, நிறுவனங்கள் பல அந்த ரோமத்தைக் கைவிட்டன. செயற்கை இழை இத்தனை திருந்திவிட்ட காலத்தில், நுரைக்காக ஒரு காட்டுப்பிராணி கொல்லப்படுவதற்கு நியாயம் இருப்பதாக இக்கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

தந்தத்தாலோ வெள்ளியாலோ கைப்பிடி இட்ட பழந்தூரிகைகளைச் சேகரித்து, மீண்டும் உபயோகிக்கும் ஆர்வம் அண்மையில் பெருகியுள்ளது. 1930-க்கு முற்பட்ட தூரிகையில் அடைப்பான் வித்துக்கள் இருப்பதற்கான சாத்தியம் மிகச் சொற்பமே எனினும், அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. பாட்டனார் பெட்டியிலிருந்து அத்தகைய ஒன்று கிடைக்கப்பெற்றவர், கைப்பிடியை வைத்துக்கொண்டு மயிர்க்கொத்தைத் தக்கவர் மூலம் மாற்றிக்கொள்வாராக. அந்த மயிரை முகத்தில் வைக்க வேண்டாம்.