கோச்சி கடந்துபோன வன்னி

யாழ்தேவியைப் பற்றி நீங்கள் இதுவரை வாசித்த நினைவுக் கட்டுரைகளை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கள். கோட்டை ஸ்ரேசனில் தொடங்கும். மாகோ வரும், அநுராதபுரம் வரும். பிறகு திடீரெண்டு ஆனையிறவு: உப்பளம், வெளி, முகத்தில அடிக்கிற காத்து. கொடிகாமம், சாவகச்சேரி எண்டு சொந்த ஊர் நெருங்கும்போது எழுதுபவருக்குக் கண் கலங்கும். வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையில இருக்கிற 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம்? "காடு" எண்ட ஒற்றைச் சொல்லோட முடிஞ்சிடும்.

அந்தக் காட்டுக்குள்ள தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் எண்டு ஸ்ரேசன்கள் இருக்கின்றன. அங்கே ஆக்களும் இருக்கினம். இந்தக் கட்டுரை அந்த யன்னலுக்கு வெளியில நிண்டவர்களின் பக்கத்திலிருந்து பாதையைப் பார்க்கிற ஒரு முயற்சி.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சின்ன விசயம். எங்கட அம்மம்மா ஆக்கள் "கோச்சி" எண்டுதான் சொல்லுவினம். நாங்கள் "ரெயின்" எண்டு சொல்லுறம். அரசாங்கப் பலகையில் "புகையிரதம்". இயக்கக் காலத்துத் தமிழில் படிச்சவர்கள் "தொடருந்து" எண்டு எழுதுவார்கள். ஒருவர் எந்தச் சொல்லைப் பாவிக்கிறார் எண்டதை வைச்சே அவர் எந்தக் காலத்தில வளர்ந்தவர் எண்டு வன்னியில் ஓரளவு கண்டுபிடிக்கலாம். "தொடருந்து" எண்ட சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படிச்ச பிள்ளைகள்தான் அந்தப் பொருளை ஒருநாளும் கண்ணால் காணாமல் வளர்ந்தவர்கள்.

வடக்குப் பாதை எந்த ஒழுங்கில் போடப்பட்டது எண்டு பார்த்தாலே வன்னியின் இடம் விளங்கும். தெற்கிலிருந்து வந்த பாதை 1894 இல் குருநாகலை அடைந்தது. வடக்கில், காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே பாதை பளை வரை நீண்டது. அதாவது கொழும்போடு தொடர்பே இல்லாமல், குடாநாட்டுக்குள்ள மட்டும் ஒரு ரெயில் மூண்டு வருசம் ஓடியிருக்கு. தெற்குப் பக்கம் 1904 இல் அநுராதபுரம், 1905 தொடக்கத்தில் மதவாச்சி. கடைசியாக மூடப்பட்ட இடைவெளிதான் வன்னி. 1905 ஓகஸ்ட் 1 ஆம் திகதி கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு முழுப்பாதையும் திறந்தது.

அந்த இடைவெளியைக் கடந்தவர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர். 24 வயதில் சிவில் சேவை உத்தியோகத்தராக 1905 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தார். அநுராதபுரம் வரை ரெயில். பிறகு ஆனையிறவு வரை காட்டுப் பாதையால் தபால் வண்டி. தபால் வண்டி எண்டால் பெரிசாய் நினைக்க வேண்டாம், மாட்டு வண்டிதான். ஆனையிறவில் திரும்பவும் ரெயில். தன் சுயசரிதையின் 'குரோயிங்' எண்ட பாகத்தில் இந்தப் பயணத்தை எழுதியிருக்கிறார். ஏழு மாதம் பிந்தி வந்திருந்தால் அவரும் யன்னலுக்கால காட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

அந்தக் காலத்து வன்னி வெறும் காடாக இருந்ததா? ஜே. பி. லூயிஸ் எண்ட ஆங்கிலேய அதிகாரி 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றி ஒரு பெரிய கையேடு வெளியிட்டார். அதில் வருகிற வன்னி, உடைஞ்ச குளங்களும் காய்ச்சலும் பறங்கி நோயும் சுருக்கிவிட்ட ஊர்களின் நாடு. காடு ஊரை மூடியிருந்தது எண்டு சொன்னால் சரி. ஊரே இருக்கவில்லை எண்டு சொன்னால் பிழை. ரெயில் பாதையோ யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைக்கத்தான் போடப்பட்டது. வன்னி தூரக் கணக்கில் மட்டும் வந்தது.

ஆனாலும் பாதை ஒண்டு போட்டால், போட்டவர் நினைக்காத வேலைகளையும் அது செய்யும். இரணைமடுக் குளம் 1920களின் தொடக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கியது. 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தது. குடாநாட்டில் காணியில்லாதவர்கள் வந்து காடு வெட்டினார்கள். 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை வந்தது. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். குளம், வயல், உப்பு, தொழிற்சாலை எல்லாம் பாதையும் ஏ-9 வீதியும் போன அதே முதுகெலும்பில் ஒட்டிக்கொண்டன. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டவர்களும் வன்னியில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு இண்டைக்கும் சரியான காணி உறுதி இல்லை எண்டது வேற கதை. ஆனால் முழுக்க வேற கதையும் இல்லை.

1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதுக்குப் பிறகுதான் இந்தப் பாதைக்கு ஒரு பண்பாடே உருவாகுது: கொழும்பில் கிளறிக்கல் வேலை பார்க்கிற மகன், லீவுக்கு வாற யாழ்தேவி, ஸ்ரேசனில் காத்திருக்கிற தகப்பன். அது ஒரு குறிப்பிட்ட வகுப்பின் நினைவு. அதைக் குறைச்சுச் சொல்லவில்லை. ஆனால் பரந்தனில் நாத்து நட்டுக்கொண்டு நிமிர்ந்து வண்டியைப் பார்த்த பெண்ணுக்கு யாழ்தேவி எண்டால் பெரும்பாலும் நேரம். "கோச்சி போட்டுது, சோறு கொண்டு வா." மணிக்கூடு கட்டாத கைகளுக்கு அது மணிக்கூடு. இந்த நினைவை ஏன் ஒருவரும் எழுதவில்லை? எழுதக் கூடியவர்கள் வண்டிக்குள்ள இருந்தார்கள் எண்டதைத் தவிர எனக்கு வேற விடை தெரியேல்லை.

முறிகண்டியைப் பார்த்தால் வீதிக்கும் ரெயிலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஏ-9 ஆல போற பஸ், லொறி, வான் எல்லாம் பிள்ளையாரிட்ட நிக்கும். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைச்சு, ஒரு சுருள் கச்சானும் வாங்காமல் வெளிக்கிட்டால் சாரதிக்கே மனம் கேளாது. அந்த ஒரு தரிப்பில் எத்தினை கச்சான் ஆச்சிமாரின் குடும்பம் சாப்பிட்டிருக்கும். கடுகதி வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீதி வன்னியில் காசை விட்டுப்போகும். ரெயில் சத்தத்தை விட்டுப்போகும்.

போர் வந்தபோது, கடந்துபோற இடம் எண்ட இந்த நிலைமையே ஆபத்தானது. 1985 ஜனவரியில் படையினரை ஏற்றிவந்த யாழ்தேவி முறிகண்டிப் பக்கத்தில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பலர் இறந்தார்கள். அந்த வண்டியில் பொதுமக்களும் இருந்தார்கள். 1990 யூனில் திரும்பச் சண்டை தொடங்கிய கையோடு வவுனியாவுக்கு வடக்கே ரெயில் நிண்டது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. இரும்பும் மரமும் கழண்டபிறகு மிஞ்சினது கல்லும் மண்மேடும். அதில பற்றை வளர்ந்தது, மாடு மேய்ஞ்சது, ஒற்றையடிப்பாதை விழுந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் வன்னிக்கு ரெயிலே இருக்கவில்லை எண்டு சொல்லக்கூடாது. வவுனியா இருந்தது. 1990களில் வவுனியா ஸ்ரேசன்தான் தமிழ்ப் பகுதியின் கடைசி மேடை. அதுக்கு அங்கால நடை, சைக்கிள், உழவு இயந்திரம், சோதனைச்சாவடி. வவுனியாவுக்குள்ள நிக்கவே பாஸ் வேணும். பூந்தோட்டம் போன்ற முகாம்களில் இருந்தவர்களுக்குக் கொழும்பு ரெயில் ஒவ்வொரு நாளும் காதில் கேட்கிற, ஆனால் பாஸ் இல்லாமல் ஏற முடியாத சாமான். வைத்தியத்துக்கு, வெளிநாட்டு அலுவலுக்கு, பிடிபட்ட பிள்ளையைத் தேட எண்டு கையில ஒரு துண்டுக் கடதாசியோட அந்த மேடையில நிண்டவர்கள் எத்தினை பேர். யாழ்தேவி பற்றின ஏக்கக் கட்டுரைகளில் இந்த மேடை வராது. வன்னியின் ரெயில் வரலாற்றில் மிக முக்கியமான இடம் அதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

2009 க்கு வருவம். மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிஞ்சது. யூன் மாதமே ரெயில் வவுனியாவிலிருந்து தாண்டிக்குளம் வரை நீட்டப்பட்டது. சில கிலோமீற்றர்தான், ஆனால் கொண்டாட்டம் பெரிசு. வடக்குப் பாதையைக் கட்ட "வடக்கின் நண்பன்" எண்டு நாடு முழுக்கக் காசு சேர்த்தார்கள். அதே மாதத்தில், அதே வவுனியா மாவட்டத்தில், செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் ஏறத்தாழ 3 லட்சம் வன்னி மக்கள் முள்ளுக்கம்பிக்குள்ள இருந்தார்கள். ரெயில் வீட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரர் போகேலாது.

ஓமந்தைக்கு வடக்கே பாதையைத் திரும்பப் போட்டது இந்தியாவின் இர்கொன் நிறுவனம், இந்தியக் கடனில். 2011 மே ஓமந்தை. 2013 செப்ரெம்பர் 14 கிளிநொச்சி. 2014 மார்ச் பளை. 2014 ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணம். 2015 ஜனவரி 2 காங்கேசன்துறை. கிளிநொச்சித் திகதியைக் கொஞ்சம் நிண்டு பாருங்கள். வடமாகாண சபைத் தேர்தல் செப்ரெம்பர் 21. சரியாக ஒரு கிழமைக்கு முன்னம் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ரெயிலில் வந்திறங்கினார். 23 வருசத்துக்குப் பிறகு வந்த வண்டியைப் பார்க்கச் சனம் திரண்டது. பிள்ளைகளுக்கு அது முதல் ரெயில். அடுத்த கிழமை தேர்தலில் 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்தது. சனம் ரெயிலையும் பார்த்தது, வாக்கையும் போட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

அதுக்குப் பிறகு பாதை வன்னியில் என்ன செய்தது? கெட்டதிலிருந்து தொடங்குறன். ஒரு தலைமுறை ரெயில் இல்லாமல் இருந்தது. மண்மேட்டைக் கடக்கிறபோது ரெண்டு பக்கமும் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. பாதுகாப்பில்லாத கடவைகளில் ஆக்கள் செத்தார்கள், மாடுகள் கூட்டமாய்ச் செத்தன. கடவைக் காப்பாளர்களைப் பொலிஸ் மூலம் சேர்த்தார்கள். நிரந்தர நியமனம் இருக்கவில்லை, ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாதான் கிடைத்தது. எத்தினையோ தரம் போராட்டம் செய்தார்கள். கடன் பல கோடி டொலர். கேற்றில நிக்கிறவரின் நாட்கூலிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

நல்லதுமிருக்கு. அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் வந்ததோட அங்கே ஒரு தரிப்பும் வந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் செட்டுக்கு அருகில வரிசையில நிண்ட யூலை மாதம், காங்கேசன்துறைக்கும் கிளிநொச்சி மாவட்டத்துக்கும் இடையில் "யாழ் ராணி" ஓடத் தொடங்கியது. 117 வருசப் பாதையில், வன்னியைக் கடக்காமல் வன்னிக்கு எண்டே புறப்பட்ட வண்டி. ஆசிரியர்கள், கச்சேரி ஆக்கள், ஆஸ்பத்திரி ஆக்கள், கம்பஸ் பெடியள், பெட்டையள் எல்லாரும் ஏறினார்கள். எனக்கு இந்தப் பாதையில் பிடிச்ச வண்டி எது எண்டு கேட்டால், யாழ்தேவி இல்லை, இதுதான்.

ஆனால் அதிலும் ஒண்டு இருக்கு. அந்தச் சேவை உத்தியோகத்தரை மனதில வைச்சுத் தொடங்கினது: காலையில் குடாநாட்டிலிருந்து வரவேணும், பின்னேரம் திரும்பவேணும். வன்னிப் பள்ளிக்கூடங்களின் பழைய முறைப்பாடே, படிப்பிக்கிறவர் ஊரில் தங்கிறதில்லை எண்டதுதான். ரெயில் அந்தப் போக்குவரத்தை வசதியாக்கினது. பளையிலயோ பரந்தனிலயோ இருந்து மறுபக்கம் போற ஒரு பிள்ளையின் நாளைக்கு ஏற்றமாதிரி ஒரு நேரசூசியை யோசிக்க இன்னும் ஒருவருக்கும் நேரம் வரேல்லை.

கொழும்பில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஒரு இலகு ரெயில் போட யப்பான் கடன் தர, 2020 இல் அதை இரத்துச் செய்தார்கள். அதைப் பற்றி எத்தினை விவாதம், எத்தினை கட்டுரை! 2023 இலும் 2024 இலும் மாகோ - ஓமந்தைப் பகுதியைத் திருத்த எண்டு வடக்குக்கான நேரடி ரெயில் மாதக்கணக்கில் நிண்டபோது அந்த அளவு சத்தம் கேட்கவில்லை. 128 கிலோமீற்றரைத் திருத்தி முடிச்சு 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடி அநுராதபுரத்தில் திறந்து வைத்தார். இனி வேகமாய்ப் போகலாம் எண்டார்கள். வேகமாய் எங்கே போகலாம்? யாழ்ப்பாணம்.

முல்லைத்தீவு மாவட்டத்துக்கு இந்தப் பாதையில் உள்ள பெரிய ஸ்ரேசன் மாங்குளம்தான். முல்லைத்தீவுப் பட்டினத்துக்கு ரெயில் எண்டைக்குமே வந்ததில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நிர்வாக மையமாக இருந்த கரையோர ஊர், முதுகெலும்பு மேற்கே போனபிறகு மூலையாகிவிட்டது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பரந்தனில் இறங்கினாலும் புதுக்குடியிருப்பால அதேயளவு தூரம். கொழும்பிலிருந்து இரவுத் தபால் வண்டியில வாற முல்லைத்தீவுக்காரர் விடியாத நேரத்தில் மாங்குளத்தில் இறங்குவினம். வண்டி வடக்கால போயிடும். காசுள்ளவர் ஓட்டோ பிடிப்பார். மற்றவர்கள் பையைத் தலைக்கு வைச்சு வாங்கில படுத்து, முதல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பினம்.