தூரிகைத் தமிழ்: பெயர்ப்பலகையும் ஒரு வரலாற்றுச் சான்று

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று கேட்டால் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்று மாணவர்கள் கடகடவெனச் சொல்லிவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைவாசலில் கையால் எழுதி மாட்டிய பெயர்ப்பலகையை யாரும் சொல்வதில்லை. தமிழ் எழுத்து மாறிய கதைக்கு அதுவும் சான்றுதான்.

முதலில் அந்தக் கதையைப் பார்ப்போம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்த மாற்றங்களே அதற்கு அடிப்படை. ணை, லை, ளை, னை என்ற நான்கும், ண, ற, ன ஆகியவற்றின் ஆ, ஒ, ஓ வடிவங்கள் ஒன்பதும் சேர்த்து 13 எழுத்துகள் மாறின. பழைய ‘லை’யில் ஐகாரக் குறி தனியாக நிற்காது, யானைத் துதிக்கை மாதிரி வளைந்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய வடிவங்கள் பின்னர் மலேசியப் பாடநூல்களுக்கும் வந்தன.

இந்த மாற்றம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் பெரிய உதவி. ஒவ்வொரு தனி வடிவத்துக்கும் ஓர் ஈய அச்சு தேவைப்பட்ட காலம் அது. தூரிகைக்கு அந்தக் கவலை இல்லை. பழகிய கை பழைய ‘லை’யையே எழுதலாம். அதனால், தேர்வு எழுதும் மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பலகையில் பழைய ‘லை’ இருப்பதால் மட்டும் அது 1978-க்கு முந்தியது என்று முடிவுகட்ட முடியாது. எழுதியவர் எந்த வடிவத்தில் பழகியவர் என்பதைத்தான் அது காட்டும்.

தூரிகை எழுத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: இடத்துக்கு ஏற்ப வளைந்து கொடுப்பது. கோலாலம்பூரின் 1982 விளம்பரத் துணைச்சட்டப்படி பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். மிஞ்சிய இடத்தில்தான் தமிழ். நம் சொற்களோ நீளமானவை. ஓவியர் ‘ண’வின் சுழியைச் சுருக்குவார், ‘ழ’வின் காலைக் கீழே இறக்குவார், ஆனால் கோட்டின் தடிப்பைக் குறைக்கமாட்டார். தூரத்திலிருந்தும் படிக்க முடியும். கணினியில் எழுத்தை அப்படியே பக்கவாட்டில் நெருக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலிந்துபோகும்.

கணினித் தமிழுக்கு நம் நாட்டின் பங்கு பெரியது. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1985-இலேயே வந்துவிட்டது. இப்போது கரடுமுரடான தூரிகை எழுத்தைப் போலவே எழுத்துருக்களும் வருகின்றன. திருவிழா அறிவிப்பு, நாடகச் சுவரொட்டி, உணவகப் பட்டியல் ஆகியவற்றின் தலைப்புக்கு அவை எடுப்பாக இருக்கும். பத்தி பத்தியாகப் படிக்க ஆகாது. அசலா, எழுத்துருவா என்று அறிய எளிய வழி, ஒரே எழுத்து இரண்டு முறை வரும் இடத்தைப் பார்ப்பது. ‘அம்மா’வின் இரண்டு மகரத்திலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், பெரும்பாலும் அது எழுத்துரு. கை ஒரு கீறலை அச்சுப் பிசகாமல் இரண்டு முறை போடாது.

கடை கைமாறினால் பழைய பலகை குப்பைக்குப் போகிறது. கல்வெட்டுக்குப் படியெடுக்க ஆள் உண்டு, பலகைக்கு இல்லை. அந்த வேலையை நம் மாணவர்கள் செய்யலாமே! துன் சம்பந்தன் சாலையிலோ தெங்கு கிளானா சாலையிலோ கையெழுத்துப் பலகை கண்ணில் பட்டால், கடைக்காரரிடம் கேட்டுப் படம் எடுக்கட்டும். இடம், நாள், பழைய வடிவங்கள், எழுதிய ஆண்டு பற்றிக் கடைக்காரர் சொல்வது ஆகிய நான்கையும் குறித்து வைத்தால், அதுவே நல்லதொரு வரலாற்று இடுபணி.