தெற்காசிய காக்ரேன் வலையமைப்பு

ஒரு சிகிச்சை பலன் தருமா என்பதை மூத்த மருத்துவரின் அனுபவத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், முறையாக நடந்த ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி எடைபோட்டுச் சொல்வது சான்றுவழி மருத்துவம். பிரிட்டன் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1972இல் இதை வலியுறுத்தி நூல் எழுதினார். அவர் பெயரில் 1993இல் உருவான பன்னாட்டு அமைப்பு, இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேர்விட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்த வழி அதற்கு முன்பே பழக்கம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியபோது நோயாளிகள் பெருகிக்கிடந்தார்கள், படுக்கைகள் இல்லை. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் சத்துணவும் கிடைத்தன. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, போதாத உணவோடு, ஓராண்டு மருந்து சாப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை அசைத்தது: இரு பிரிவிலும் குணமானோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை, வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. பல நாடுகளில் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறைக்கு வழிவிட்டது இந்த ஆய்வுதான். ஏழை நாட்டின் கேள்விக்கு அங்கேயே விடை தேடியதால் கிடைத்த பலன் இது.

வேலூரில் காக்ரேன் பணிக்கு முன்நின்றவர் மனநல மருத்துவர் பிரதாப் தர்யன். கடும் கொந்தளிப்போடு அவசரப் பிரிவுக்கு வரும் மனநோயாளியை எந்த ஊசி விரைவாக அமைதிப்படுத்தும் என்று 200 பேரிடம் அவருடைய குழு சோதித்தது. ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்ந்த ஊசி லோராசெபாமைவிட வேகமாக வேலை செய்வதை 2004இல் வெளியிட்டது. இரண்டுமே எளிதில் கிடைக்கும் பழைய மருந்துகள் என்பது நம் மருத்துவமனைகளுக்குப் பெரிய விஷயம்.

வேலூரில் தெற்காசிய காக்ரேன் வலையமைப்பு 2005இல் உருவான வேளையில், சுனாமி தாக்கிய காயம் ஆறவில்லை. கடலூர் மாவட்டத்தின் மீனவக் குப்பங்களிலும் நாகப்பட்டினத்திலும் ஆலோசகர்கள் குவிந்தார்கள். பேரிடரில் தப்பியவரை ஒரே அமர்வில் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை அப்போது பரவலாக இருந்தது. அதனால் பின்னாளைய மனவடு தடுக்கப்படுவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்யலாம் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. பேரிடர் காலத்துக்கான சான்றுகளைச் சுருக்கி வழங்கும் காக்ரேன் முயற்சியும் அந்தச் சுனாமியை ஒட்டியே பிறந்தது.

2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசிய உரிமம் பெற்றது. இணைய வசதியுள்ள எவரும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றிப் படிக்க முடிந்தது. சிறு நகரத்து மருத்துவரும் இதில் அடக்கம். அடுத்த ஆண்டு வலையமைப்பு தெற்காசிய மையமாக உயர்ந்தது.

இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடும் 2007 ஜூலையில் தொடங்கியது; 2009 ஜூனில் பதிவு கட்டாயமானது. சோதனை தொடங்கும் முன்பே பெயர் ஏறிவிட்டால், பாதகமான முடிவைச் சத்தமில்லாமல் மூடிவைப்பது கடினம். தொகுத்து எடைபோடுகிறவர்கள் எதையெல்லாம் தேட வேண்டும் என்பதும் அந்தப் பதிவேட்டில் தெரிந்துவிடும்.