துரை மகன் கவுட்ரி

நம் தோட்டத்துத் திடலில் பந்து என்றாலே காற்பந்துதான். இருந்தாலும் ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். கோலின் கவுட்ரி 1932-ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பிறந்தவர். அப்பா அங்கே தேயிலைத் தோட்டத் துரை. மைக்கேல் கோலின் கவுட்ரி என்னும் பெயரின் முதலெழுத்துகள் எம்.சி.சி.; லண்டன் லார்ட்ஸ் திடலைச் சொந்தமாகக் கொண்ட சங்கத்தின் பெயரும் அதுவே. அப்பா வேண்டுமென்றே வைத்ததுதான்!

துரை வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை என்பீர்கள். ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். போர் மூண்டது, பல ஆண்டுகள் பெற்றோர் முகமே பார்க்கவில்லை.

1957 முதல் 1971 வரை கெண்ட் கவுண்டிக்குத் தலைவர். 1970 ஜூலைத் தொடக்கத்தில் கடைசி இடத்தில் கிடந்த அணி, அந்த ஆண்டே பட்டம் வென்றது. 1913-க்குப் பிறகு அதுதான் முதல் பட்டம்.

1963-இல் லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகளுடன் ஆட்டம். வெஸ் ஹால் வீசிய பந்தில் கவுட்ரியின் இடது கை முறிந்தது. கடைசி நாள், ஒன்பதாவது விக்கெட்டும் போய்விட்டது. மிச்சம் இரண்டே பந்து, தேவை ஆறு ஓட்டம். கையில் மாவுக்கட்டோடு இறங்கி வந்தாரே மனுஷன்! எதிர்முனையில் நின்றதோடு சரி. டேவிட் ஆலன் அந்த இரண்டு பந்தையும் தடுத்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

1968-இல் நூறாவது டெஸ்ட் கண்ட முதல் வீரரும் இவரே. அதிலும் 104 ஓட்டங்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஆறு முறை போனார். நான்கு முறை துணைத் தலைவராக. தலைவராக ஒருமுறைகூட அனுப்பவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் 1974-இல், 41 வயதில், காயப்பட்ட அணிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதும் விமானம் ஏறிவிட்டார். பெர்த்தில் லில்லி, தாம்சன் வேகத்துக்கு எதிரே 22, 41.