பந்தியும் பணியும்: மதுரை மறைப்பணியில் உணவும் பண்பாட்டுத் தழுவலும் (1542–1744)

தமிழகம் வந்த ஐரோப்பிய மறைப்பணியாளர்களின் வரலாறு பெரும்பாலும் மொழியின் வழியாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அச்சு நூல், அகராதி, இலக்கணம், உரைநடை என அவர்கள் தமிழுக்குத் தந்தவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவர்கள் எதை உண்டார்கள், யார் சமைத்ததை உண்டார்கள், யாரோடு உட்கார்ந்து உண்டார்கள் என்ற கேள்விகள் அந்த வரலாற்றின் ஓரத்தில் நின்றுவிட்டன. ஆனால் உள்நாட்டு ஊர்களில் அவர்களுடைய சொல்லுக்குச் செவி கொடுப்பதா இல்லையா என்பதை மக்கள் முதலில் முடிவு செய்தது அவர்களுடைய அடுப்பைப் பார்த்துத்தான். இளம் வயதில் கடல் கடந்து வந்த துறவிகள் அந்நிய நாட்டு உணவைப் பழகிக்கொண்ட விதமும், அப்பழக்கம் கொள்கையாகி, வழக்காகி, திருத்தந்தையின் ஆணை வரை சென்ற விதமும் தனியே ஆராயத் தக்கவை. அவர்கள் ஏற்றுக்கொண்டது பொதுவான ‘தமிழ் உணவு’ அன்று. உயர்ந்தவையாகக் கருதப்பட்ட சாதிகளின் பந்தி ஒழுங்கு. மதுரை மறைப்பணி பெற்ற வெற்றிக்கும், அது சுமந்த பழிக்கும் வேர் அந்த ஒழுங்கிலேயே இருந்தது.

கடற்கரையில்: சோறும் மீனும்

பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளிலேயே போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். அவருக்குப் பின் 1547-இல் வந்த அண்ட்ரிக் அடிகளார் 1600-இல் இறக்கும் வரை இந்தக் கடற்கரையிலேயே பணியாற்றினார். தமிழைக் கற்று அதற்கு இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் உருவாக்கியதே.

கோதுமை ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் திராட்சை மதுவும் உண்டு வளர்ந்த இவர்களுக்குச் சோறு புதிது. வெயிலும் தண்ணீரும் புதிது. ஆயினும் கடற்கரையில் உணவு உடலைப் பழக்கும் சிக்கலாக மட்டுமே இருந்தது. பரதவர் மீன் உண்பவர்கள். மறைப்பணியாளரும் மீன் உண்பவர்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் உண்பதால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை. கடற்கரையில் இருந்த இந்த எளிமையே உள்நாட்டின் கதவுகளை அடைத்தது. புதிய சமயம் கடலோர மக்களுக்கும் கப்பலில் வந்தவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நாயக்கர் தலைநகரமான மதுரையில் வேரூன்றியது.

‘பரங்கி’ என்ற அடைமொழி

ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’ என்ற சொல், மேற்காசியாவில் ஐரோப்பியரைச் சுட்டிய ‘பிராங்கி’ என்பதன் திரிபு. தமிழில் அது இனப்பெயராக மட்டும் நிற்கவில்லை. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நீராடாதவர், எவரோடும் தொட்டுப் புழங்குபவர் என்ற நான்கு குறைகளும் அச்சொல்லுக்குள் சேர்ந்து வந்தன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியே வந்த காய்க்குப் பரங்கிக்காய் என்று பெயரிட்டுத் தமிழர் தம் சமையலில் சேர்த்துக்கொண்டனர். பரங்கியரின் காய் அடுக்களை வரை போயிற்று. பரங்கியர் திண்ணையைக்கூடத் தாண்ட முடியவில்லை. காயை ஏற்பது சுவையைப் பொறுத்தது, ஆளை ஏற்பது பந்தியைப் பொறுத்தது என்ற வேறுபாடு இதில் தெளிவாகத் தெரிகிறது.

1595-இல் மதுரைக்கு வந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார். முன்னாள் படைவீரரான அவர் நேர்மையும் உழைப்பும் உடையவர். மதுரையில் பள்ளியும் மருத்துவ நிலையமும் நடத்தினார். அங்கு வந்து தங்கிய பரதவருக்கும் போர்த்துகீசியருக்கும் ஆன்மிகப் பணி செய்தார். ஆனால் ஐரோப்பிய உடையும் உணவும் அவரிடம் மாறவில்லை. திருமுழுக்குப் பெற வந்தவரிடம் பரங்கியர் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருளில் கேட்கும் வழக்கமும் இருந்தது. கேட்டவருக்கு அது சமய அழைப்பாகத் தோன்றவில்லை. தம் வீட்டுப் பந்தியை விட்டு வெளியேறும்படி விடுத்த அழைப்பாகவே தோன்றியது. பதினோர் ஆண்டுகள் கழிந்தும் மதுரையின் உயர்சாதியினரில் ஒருவரும் அவரிடம் வரவில்லை.

நொபிலியின் இலை

1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது 29. 1577-இல் இத்தாலிய உயர்குடியில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1605-இல் கோவாவை அடைந்தவர் அவர். மதுரைக்கு வருமுன் கடற்கரையில் தங்கித் தமிழ் கற்கத் தொடங்கியிருந்தார். பெர்னாண்டஸின் உழைப்பையும் அதன் பயனின்மையையும் அருகிலிருந்து பார்த்த அவர், தடையாக நிற்பது சமயக் கருத்து அன்று, வாழ்க்கை முறையே என்ற முடிவுக்கு வந்தார். சீனத்தில் மத்தேயோ ரிச்சி அந்நாட்டு அறிஞரின் உடையையும் ஒழுக்கத்தையும் ஏற்றுப் பணியாற்றிய முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. இயேசு சபையின் மாநிலத் தலைவர் ஆல்பர்ட் லயர்சியோவும் பேராயர் பிரான்சிஸ்கோ ரோசும் இசைவு தந்தனர்.

நொபிலி பெர்னாண்டஸின் இல்லத்தை விட்டுத் தனி வீட்டுக்கு மாறினார். காவி உடுத்தார், மரக்குறடு அணிந்தார், குடுமி வைத்தார், நெற்றியில் சந்தனம் இட்டார். இவற்றினும் கடினமான மாற்றம் உணவில் நிகழ்ந்தது. இறைச்சி, மீன், முட்டை, மது ஆகிய அனைத்தையும் விலக்கினார். நாளுக்கு ஒரே வேளை, பிராமணச் சமையற்காரர் சமைத்த சோறு, காய்கறி, பால் ஆகியவையே உணவு. உண்ணும் பொருளை மாற்றியது இதில் ஒரு பாதிதான். தரையில் அமர்ந்து உண்பது, வலக்கையால் மட்டும் எடுத்து உண்பது, பாத்திரத்தில் உதடு படாமல் தூக்கிக் குடிப்பது, உண்ணுமுன் நீராடுவது என்று அந்த ஒழுங்கில் அடங்கியவை பல. தமிழ்க் குழந்தை நாலைந்து வயதுக்குள் பேச்சோடு பேச்சாகக் கற்றுவிடும் இவற்றை, இத்தாலியின் உயர்குடிப் பிள்ளை வளர்ந்த பிறகு கற்க வேண்டியிருந்தது. இலக்கணப் பிழையைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். எச்சில் பிழையைப் பந்தி பொறுப்பதில்லை.

இந்த ஒழுங்கு பயன் தந்தது. வாயிலுக்கு வராதவர்கள் வரத் தொடங்கினர். பிராமண அறிஞரான சிவதர்மர் நொபிலிக்கு வடமொழி கற்பித்தார். 1609-இல் அவரே திருமுழுக்கும் பெற்றார். தாம் பரங்கி அல்லர், பரங்கியர் நாட்டில் பிறந்தவரும் அல்லர் என்று ஓலையில் எழுதித் தம் வீட்டு வாயிலில் நொபிலி அறிவித்ததும் இக்காலத்தை ஒட்டியே நிகழ்ந்தது.

ஆனால் ஓர் உணவை மட்டும் அவரால் மாற்ற இயலவில்லை. திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வீட்டில் மதுவை முற்றிலும் விலக்கிய துறவியால் பலிபீடத்தில் அதை விலக்க முடியாது. தழுவல் எங்கே முடிந்து சமயத்தின் கரு எங்கே தொடங்குகிறது என்பதை நொபிலியின் நாளில் வரும் இந்த இரண்டு உணவுகளும் வரையறுத்துக் காட்டின.

1610 முதல் 1623 வரை: உணவு வழக்கான கதை

நொபிலியின் ஒழுங்கு முதலில் புண்படுத்தியது பெர்னாண்டஸைத்தான். ஒரே சபையைச் சேர்ந்த இருவர், ஒரே நகரில் வாழ்ந்தும் ஒன்றாக உண்ண முடியாமல் போயிற்று. வயதில் மூத்தவர், நொபிலிக்கு முன்னரே அந்த நகரில் வேர் பிடித்தவர், இளையவரின் பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டார். இந்தக் காயத்தைப் பெர்னாண்டஸின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது நியாயம் ஆகாது. 1610-இல் அவர் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய முறையீட்டில் நொபிலியின் உடை, உணவு, குரு என்ற பெயர், பரங்கி அல்லர் என்ற மறுப்பு அனைத்தும் குற்றங்களாக நின்றன.

நொபிலி விரிவான மறுமொழிகளை இலத்தீனில் எழுதினார். அவற்றின் அடிப்படை வாதம் ஒன்றே: ஒரு சமூகத்தின் வழக்கங்களைச் சமயச் சடங்குகள், சமூக மரியாதைகள் என இரண்டாகப் பிரிக்கலாம், பூணூல், குடுமி, சந்தனம், நீராடல், உணவு விலக்கு ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 1619-இல் கோவாவில் கூடிய அவையில் எதிர்ப்பு வலுத்தது. வழக்கு ரோமுக்குச் சென்றது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கை கலவாத நிலையில் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை அனுமதித்தது. உயர்குடியினர் தாழ்த்தப்பட்டோரை இகழலாகாது என்றும் அதே ஆணை வேண்டிக்கொண்டது.

நொபிலியின் பிரிப்பு அறிவுக்கூர்மை மிக்கது. ஆயினும் உணவின் இடத்தில் அது இடறியது. பந்தியில் யார் அமரலாம் என்ற விதியைச் சமூக மரியாதை என்று ஏற்றுக்கொண்டால், யார் தீண்டத் தகாதவர் என்ற விதியையும் அதனோடு ஏற்க வேண்டும். இந்த விளைவு அடுத்த தலைமுறையில் வெளிப்பட்டது.

பண்டாரசாமிகள்

பிராமணத் துறவியாக வாழ்ந்தவர் ஒடுக்கப்பட்டோரின் இல்லத்துக்கு வெளிப்படையாகச் செல்ல இயலாது. சென்றால் உயர்சாதியினர் அவரிடம் வருவது நின்றுவிடும். இந்த இடைவெளியை நிரப்ப 1640-ஐ ஒட்டி பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி என்ற புதிய நிலையை ஏற்றார். பண்டாரங்கள் பிராமணர் அல்லாத துறவியர். பல சாதியாரோடும் பழகும் உரிமை அவர்களுக்கு இருந்தது. மரக்கறி உணவும் காவியும் பண்டாரசாமிக்கும் உண்டு. பூணூலும் தனிமையும் இல்லை. ஒரே சபையின் துறவியர் சாதிக்கேற்ப இரு நிலைகளில் வாழத் தொடங்கினர். நொபிலி தம் ஒழுங்கிலேயே முதுமை எய்தி, பார்வை மங்கிய நிலையில், 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் காலமானார்.

எண்ணிக்கையில் பண்டாரசாமிகளின் பணியே பெருகியது. அவர்களில் புகழ்பெற்றவர் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ. லிஸ்பனின் அரசவைக் குடும்பத்தில் 1647-இல் பிறந்த அவர், 1673-இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு மறைப்பணித் தளத்தை அடைந்தார். 1680-களின் இறுதியில் அவர் லிஸ்பனுக்குத் திரும்பிச் சென்றபோதும் மறைப்பணிக் காலத்து எளிய உணவையும் உடையையும் கைவிடவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஊரார் ஏற்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய உணவு, பார்ப்பவர் இல்லாத இடத்திலும் விட முடியாத தவமாகிவிட்டிருந்தது. அவர் மீண்டும் தமிழகம் திரும்பி, இராமநாதபுரம் பகுதியான மறவ நாட்டுக்கு வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்டார்.

1711-ஐ ஒட்டி மதுரைப் பணிக்கு வந்த வீரமாமுனிவருக்கு இந்த ஒழுங்கு ஆயத்தமாகவே கிடைத்தது. நொபிலி தட்டுத் தடுமாறிக் கண்ட உணவு முறை ஒரு நூற்றாண்டில் புதியவர் பயிலும் பாடமாகியிருந்தது. அந்த ஒழுங்குக்குள் இருந்தபடியே ‘தேம்பாவணி’, ‘சதுரகராதி’ ஆகியவற்றை அவர் படைத்தார்.

தரங்கம்பாடி: மாற்றுப் பாதை

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீர்திருத்தத் திருச்சபையாளர் பர்த்தலமேயு சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைய ஒரு நாளே இருந்தது. அவரும் தமிழைக் கற்றார். ஆனால் துறவுக் கோலத்தையோ சாதி சார்ந்த உணவு விலக்கையோ ஏற்கவில்லை. டேனியக் கோட்டையின் நிழலில் இருந்த அவருக்கு அத்தகைய கட்டாயமும் இல்லை. தரங்கம்பாடி மறைப்பணியாளருக்குத் தமிழர்கள் எழுதி, ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியான மடல்களில், கிறித்தவரைத் தாங்கள் மதிக்காததன் காரணங்களாகப் பசுவைக் கொன்று உண்பதும், மது அருந்துவதும், தூய்மை பேணாததும் சொல்லப்படுகின்றன. பெர்னாண்டஸ் காலத்துக் குறைகளே நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்தன. சீகன்பால்கு அவற்றை மறைக்காமல் ஐரோப்பிய வாசகருக்குத் தெரியப்படுத்தியது பாராட்டத் தக்கது.

எச்சிலும் தேங்காயும்: 1704–1744

1623-இன் அனுமதியோடு வழக்கு ஓயவில்லை. திருத்தந்தையின் தூதராக வந்த துர்னோன் 1704-இல் புதுச்சேரியில் பதினாறு கூறுகள் கொண்ட ஆணையை வெளியிட்டார். அதில் பல கூறுகள் வாயையும் உணவையும் தூய்மையையும் சார்ந்தவை. அக்காலத் திருமுழுக்குச் சடங்கில் குரு தம் உமிழ்நீரைத் தொட்டுத் திருமுழுக்குப் பெறுபவர்மேல் பூசுவது முறை. எச்சில் என்று தமிழர் அருவருத்ததால் மறைப்பணியாளர்கள் அதை விட்டுவிட்டிருந்தனர். துர்னோன் அதை மீண்டும் கட்டாயமாக்கினார். திருமணத்தில் தேங்காய் உடைத்து நன்மை தீமை பார்ப்பதைத் தடுத்தார். நோயுற்ற பறையர்களின் இல்லத்துக்கே சென்று அருட்சாதனங்கள் வழங்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

முதல் இரண்டும் தமிழரின் உணர்வை அறியாதவரின் கட்டளைகள். மூன்றாவது, தமிழ்ச் சமூகத்தின் ஆழ்ந்த அநீதியைத் தொட்ட கட்டளை. ஒரே ஆணையில் இந்த இரு வகையும் இருந்ததுதான் இவ்வழக்கின் துயரம். நாற்பது ஆண்டு வாதத்துக்குப் பின், 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை துர்னோனின் முடிவுகளைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. உமிழ்நீர்ச் சடங்குக்குக் குறிப்பிட்ட காலம் வரை விலக்கு அளித்தது. பறையர்களுக்கெனத் தனி மறைப்பணியாளரை அமர்த்தும் ஏற்பாட்டையும் ஏற்றது. தீட்டு என்ற எண்ணம் அழியவில்லை. அதற்கேற்பக் குருக்கள் பிரிக்கப்பட்டனர்.

முடிவுரை

இரண்டு நூற்றாண்டு வரலாற்றில் மறைப்பணியாளரின் உணவு நான்கு நிலைகளைக் கடந்தது. கடற்கரையில் அது உடலின் பழக்கம்; மதுரையில் மதிப்பின் அடையாளம்; கோவாவிலும் ரோமிலும் இறையியல் வழக்கு; இறுதியில் திருச்சபைக்குள்ளேயே சாதி வரம்பு. தம் நாவையும் குடலையும் மாற்றிக்கொண்ட அந்த இளைஞர்களின் துறவு உண்மையானது. அந்தத் துறவு திறந்த கதவின் வழியேதான் தமிழ் உரைநடைக்கும் காப்பியத்துக்கும் புதிய செல்வங்கள் வந்தன. ஆனால் உணவை ஏற்றவர்கள் பந்தியின் விதியையும் சேர்த்தே ஏற்றார்கள். சோற்றையும் பாலையும் ஏற்பதற்கும், அருகில் அமரத் தகாதவர் என்று ஒரு மக்களை ஒதுக்குவதை ஏற்பதற்கும் இடையே அவர்கள் கோடு கிழித்திருக்க வேண்டும். பிற்காலத் தமிழகத் திருச்சபைகளில் நீடித்த சாதிப் பிரிவினைக்கு அந்தக் கோடு கிழிக்கப்படாததும் ஒரு காரணம்.