கணவாய் வாசலில் தென்காசியும் குற்றாலமும்

ஆனி பிறந்துவிட்டால் ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் குடும்பம் குடும்பமாக வண்டிகள் வரத் தொடங்கும். துண்டும் மாற்றுத்துணியும் பையில் இருக்கும். பிள்ளைகளின் பேச்செல்லாம் ஐந்தருவியா, பேரருவியா என்பதாகவே இருக்கும். இந்த ஊர்களுக்கு அந்தச் சீசனைத் தருவது மலையில் உள்ள ஒரு தாழ்வு. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை சற்று இறங்கிக் கணவாயாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியே நுழைந்து, இந்தப் பக்கம் சாரலாகத் தூவுகிறது. மலையில் பெய்யும் மழை சிற்றாறாக இறங்கிக் குற்றாலத்தில் அருவியாகிறது.

கணவாய் வழியே காற்று மட்டும் வரவில்லை. வணிகர்களும் யாத்திரிகர்களும் வந்தார்கள். 1904இல் கொல்லம் வரை ரயிலும் ஓடியது.

மதுரையை இழந்த பாண்டியர்கள் பிற்காலத்தில் நிலைகொண்ட பகுதி இது. பராக்கிரம பாண்டியன் 1446இல் தென்காசியில் காசி விசுவநாதருக்குக் கோயில் எழுப்பத் தொடங்கினான். வடகாசிக்கு நடந்துபோக முடியாதவர்களுக்கு இங்கேயே ஒரு காசி வேண்டும் என்று அவன் நினைத்ததாக ஊரார் சொல்வார்கள். ராஜகோபுரப் பணி 1457இல் தொடங்கியது. அவன் காலத்தில் அது முடியவில்லை. தம்பி குலசேகர பாண்டியன் முடித்துவைத்தான்.

கோயிலில் பராக்கிரம பாண்டியன் வெட்டிவைத்த பாடல்களில் ஒன்று படிப்பவரை உலுக்கிவிடும். இந்த ஆலயத்துக்குப் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவரை உலகறியப் பணிவதாக அரசன் சொல்கிறான். தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று எழுதிய மன்னர்கள் பலர். முகம் தெரியாத ஒரு கொத்தனாரையும் முன்கூட்டியே வணங்கிய மன்னர் அரிது.

அந்தக் குறை வந்தே விட்டது. கோபுரம் சிதைந்து, பிளந்து, பல தலைமுறைக்கு மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று வண்டியில் வருகிறவர்கள் தொலைவிலேயே கண்டு வியக்கும் ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி கட்டப்பட்டது. 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது. பாண்டியன் வணங்கிய மனிதர்கள் 500 ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்துசேர்ந்தார்கள்.

குற்றாலத்தின் பழமை இதற்கும் முந்தையது. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கும், அங்குள்ள தலமரமான குறும்பலாவுக்கும் தனித்தனியே பதிகம் பாடியிருக்கிறார். பேரருவியின் பாறையில் சிறுசிறு சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தண்ணீர் குறைந்த நாளில் தெளிவாகத் தெரியும். பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இம்மலையின் குறத்தியை நாயகியின் தெருவுக்கு அழைத்துவந்து குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாகக் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது.

பிறகு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் கண் இதே மலையில் வேறொன்றைக் கண்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்தார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் இந்தக் காடுகளில் செடிகளைச் சேகரித்தார். அடுத்த நூற்றாண்டில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இங்கேயே வந்து தங்கினார். அவர் கம்பன் பாடல்களை விளக்கக் கேட்க ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள்.

இவ்வளவும் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளித்துத் தலை துவட்டியபின் சித்திர சபைக்கு நடந்தே போகலாம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான அதன் சுவர் முழுக்க ஓவியம். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும்; அந்தச் சுவரைத் தொடாமல் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். அருவியில் சோப்பும் ஷாம்பூவும் எண்ணெயும் கூடாது என்ற தடையை மதிப்பதும், தென்காசிக் கல்வெட்டு கேட்டுக்கொண்ட காவலில் ஒரு பங்குதான்.