குழு மாறினாலும் பழைய கணக்கு மாறாது

பிள்ளைகள் பேசும் 'டொக்கர்' போன்றவற்றுக்கு அடித்தளம், லினக்ஸ் கேர்னலில் 2008 இல் சேர்ந்த கட்டுப்பாட்டுக் குழுக்கள். ஓடும் நிரல்களைக் குழுக்களாக்கி, நினைவகத்துக்கும் செயலிக்கும் வரம்பு விதிப்பதே அவற்றின் வேலை.

ஒரு நிரலைக் குழு மாற்ற, அதன் இலக்கத்தைப் புதிய குழுவின் கோப்பில் எழுதவேண்டும். மாற்றம் முடியும்வரை அந்நிரல் புதிய இழைகளைத் தொடங்காதபடி கேர்னல் பூட்டிவிடும். வரம்புகளைக் கவனிக்கும் கட்டுப்படுத்திகளில் ஒன்று மறுத்தாலும் எதுவும் நகராது. இரட்டைப் பதிவில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதமுடியாதது போலத்தான்.

இரண்டைக் கவனியுங்கள். 2016 இல் வந்த இரண்டாம் பதிப்பில், முன்பு எடுத்த நினைவகம் விடுவிக்கப்படும்வரை பழைய குழுவின் கணக்கிலேயே நிற்கும். ஏற்கெனவே பிறந்த சேய்நிரல்களும் கூட வரமாட்டா, தனித்தனியே மாற்றவேண்டும். எனவே, தொடங்கும்போதே உரிய குழுவில் வைப்பதே பாதுகாப்பு.